பதில் வரலைன்னா செத்துப்போச்சா? ரெண்டு ரவுட்டர், ஒரு கேட்வே, ஒரு பழைய சண்டை

இன்னைக்கு வரலாற்றுக்குள்ள போறதுக்கு முன்னாடி, என்னோட ஒரு நைட் ஷிஃப்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2009. ஓ.எம்.ஆர்.ல ஒரு கால் சென்டர். பேர் வேண்டாம். நான் நெட்வொர்க் டீமில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு அக்கா எங்க டெஸ்க்குக்கு வந்தாங்க. ஹெட்செட் கழுத்துலயே தொங்குது. "தம்பி, பேசிட்டு இருக்கும்போதே கால் கட் ஆகுது. கஸ்டமர் திட்டுறான். அதைவிட, கட் ஆன கால் எல்லாத்தையும் என் கணக்குல எழுதுறாங்க. இந்த மாசம் இன்சென்டிவ் போச்சு"ன்னாங்க. அவங்க மட்டும் இல்லை. அந்தத் தளத்தில் இருந்த எல்லோருக்கும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இதே கதை.

எங்ககிட்ட மையத்தில் ரெண்டு பெரிய ஸ்விட்ச் இருந்தது. ஒண்ணு வேலை செய்யும். அது விழுந்தா இன்னொண்ணு அந்த இடத்தை எடுத்துக்கும். ரெண்டாவது ஸ்விட்சின் லாகைத் திறந்து பார்த்தேன். "நான் ஆக்டிவ் ஆயிட்டேன்", "நான் ஸ்டாண்ட்பை ஆயிட்டேன்", மறுபடி "நான் ஆக்டிவ்". மாலை முழுக்க இதேதான். யாரும் விழவே இல்லை. ஆனா நாற்காலி மட்டும் மாறி மாறி கைமாறிட்டு இருக்கு.

நான் அப்போ ஒரு முட்டாள்தனம் செய்தேன். அதைக் கடைசியில சொல்றேன். அது ஏன் முட்டாள்தனம்னு புரியணும்னா, இந்த ரெண்டு பெட்டி ஏற்பாடு எங்கிருந்து வந்ததுன்னு தெரியணும்.

அடிப்படையில் இருந்து வருவோம். உங்க லேப்டாப்புக்கு வெளி உலகம் எதுவும் தெரியாது. அதுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாசல். அதைத்தான் டீஃபால்ட் கேட்வே என்கிறோம். உள்ளூர்ல இல்லாத எந்த முகவரிக்குப் போகணும்னாலும் அந்த வாசல்ல கொண்டுபோய்க் கொடுத்துடும். அந்த வாசல்ல உட்கார்ந்திருப்பது ஒரு ரவுட்டர், அல்லது ரவுட்டர் வேலையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு ஸ்விட்ச்.

ரவுட்டர்கள் தங்களுக்குள்ள பேசிக்கும். ஒரு பாதை உடைஞ்சா அடுத்த பாதையைத் தேடிக்கும். அந்த வேலைக்கான ப்ரோட்டோகால்கள் 1980-களிலேயே இருந்தன. ஆனா அந்த உரையாடலில் சாதாரண கம்ப்யூட்டருக்கு இடம் கிடையாது. அதுக்கு ஒரு எண்ணை எழுதிக் கொடுத்திருக்கோம், அவ்வளவுதான். அந்த எண்ணுக்குச் சொந்தமான ரவுட்டர் எரிஞ்சுபோச்சுன்னா, பக்கத்திலேயே இன்னொரு நல்ல ரவுட்டர் சும்மா உட்கார்ந்திருந்தாலும், கம்ப்யூட்டர் செத்த வாசலையே தட்டிட்டு இருக்கும்.

இதுக்கு முதலில் வந்த யோசனை, கம்ப்யூட்டருக்கே வாசலைத் தேடக் கற்றுக்கொடுப்பது. 1991 செப்டம்பரில் ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆர்.எஃப்.சி. 1256 வந்தது. ஆர்.எஃப்.சி. என்பது இணையத்தின் விதிகளை எழுதிவைக்கும் ஆவண வரிசை. அதன்படி, ரவுட்டர்கள் அவ்வப்போது "நான் இங்கே இருக்கேன்" என்று அறிவிக்கும், கம்ப்யூட்டர்கள் கேட்டுக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் அதில் இருந்த வழக்கமான அமைப்பைப் பாருங்க: 10 நிமிடத்துக்குள் ஒரு அறிவிப்பு, ஒரு அறிவிப்பு 30 நிமிடம் வரை செல்லும். வேற வழியில் தெரியலைன்னா, வாசல் இல்லை என்று புரிய அரை மணி நேரம் ஆகலாம். கால் சென்டரை விடுங்க, ஒரு ஈமெயில் அனுப்புறவருக்கே அது தாங்காது.

அடுத்த யோசனைதான் திருப்பம். கம்ப்யூட்டரை மாற்ற முடியாதா? சரி, அதை விட்டுடுவோம். அதை ஏமாற்றிவிடுவோம்!

1994-ல் சிஸ்கோ கம்பெனி இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. 1995 டிசம்பரில் கிடைத்தது. ஹாட் ஸ்டாண்ட்பை ரவுட்டர் ப்ரோட்டோகால், சுருக்கமாக ஹெச்.எஸ்.ஆர்.பி. இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு மருந்துக்கடையை வைத்துச் சொல்றேன். அண்ணன், தம்பி ரெண்டு பேர் நடத்தும் கடை. ரெண்டு பேருக்கும் சொந்த மொபைல் உண்டு. ஆனா கடை போர்டுல எழுதியிருப்பது மூணாவதா ஒரு நம்பர். வாடிக்கையாளர் எப்பவும் அந்த நம்பருக்குத்தான் அடிப்பார். அண்ணன் இருந்தா அண்ணன் எடுப்பார், இல்லைன்னா தம்பி. அடிக்கிறவருக்கு எதுவும் தெரியாது.

ஹெச்.எஸ்.ஆர்.பி.யில் ரெண்டு ரவுட்டருக்கும் பொதுவாக ஒரு கற்பனை ஐ.பி. முகவரி இருக்கும். அதோடு ஒரு கற்பனை மேக் முகவரி, அதாவது கார்டுக்கே உரிய அடையாள எண்ணும் உண்டு. இந்த ரெண்டாவதுதான் புத்திசாலித்தனம். கம்ப்யூட்டர் ஒரு தடவை மேக் முகவரியைத் தெரிஞ்சுக்கிட்டா கொஞ்ச நேரம் மனப்பாடமா வச்சிருக்கும். முகவரியே மாறாததால் அந்த மனப்பாடமும் பொய்யாகாது.

சரி, அண்ணன் கடையில இல்லைன்னு தம்பிக்கு எப்படித் தெரியும்? அண்ணன் 3 வினாடிக்கு ஒரு தடவை "இருக்கேன்"னு குரல் கொடுப்பார். இதை ஹலோ என்கிறோம். 10 வினாடி வரைக்கும் ஒரு ஹலோவும் வரலைன்னா, தம்பி போனை எடுத்துக்குவார். அரை மணி நேரம் 10 வினாடியாகச் சுருங்கிடுச்சு. ரெண்டு பேரில் யார் மூத்தவர் என்பதற்கு ஒரு முன்னுரிமை எண்ணும் உண்டு. சும்மா விட்டால் 100. கூட்டி வைத்தவருக்கு முதல் உரிமை.

இந்த முறையை 1998 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 2281 என்ற பெயரில் எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள். தகவலுக்காக மட்டும், தரவிதியாக இல்லை. காப்புரிமை எண்ணும் அதிலேயே எழுதியிருந்தது. எழுதிய நாலு பேரில் ரெண்டு பேர் அதற்குள் ஜூனிப்பர் என்ற போட்டிக் கம்பெனிக்குப் போயிருந்தார்கள்.

அடுத்த மாதமே, 1998 ஏப்ரலில், ஆர்.எஃப்.சி. 2338 வந்தது. வி.ஆர்.ஆர்.பி. என்ற பொதுத் தரவிதி. அசெண்ட், மைக்ரோசாஃப்ட், நோக்கியா, டிஜிட்டல், ஐ.பி.எம். எனப் பல கம்பெனிக்காரர்கள் சேர்ந்து எழுதியது. எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு ஸ்டாண்ட்பையாக நிற்கணும் என்பது நோக்கம். ஹலோ 1 வினாடிக்கு ஒரு தடவை. மூணு ஹலோ தவறி, இன்னும் கொஞ்ச நேரம் போனா நாற்காலி கைமாறும். அந்தக் "கொஞ்ச நேரம்" அழகான விஷயம். முன்னுரிமை குறைந்தவருக்கு அது கொஞ்சம் அதிகம். மூணு பேர் வரிசையில் இருந்தா எல்லோரும் ஒரே சமயத்தில் நாற்காலியில் பாயாமல் இருக்க இந்த ஏற்பாடு.

ஆனால் சிஸ்கோவின் காப்புரிமை நிழல் வி.ஆர்.ஆர்.பி. மேலயும் விழுந்தது. ஓப்பன் பி.எஸ்.டி. என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதுகிற குழு, காப்புரிமைச் சிக்கல் இருக்கும் ஒன்றைத் தங்கள் மென்பொருளில் சேர்க்க முடியாது என்று முடிவெடுத்தது. தாங்களே கார்ப் என்ற மாற்றை எழுதி, 2004 மே மாதம் வந்த 3.5 பதிப்பில் சேர்த்தார்கள். அதிகாரபூர்வமாக எண் கேட்டும் கிடைக்கவில்லை என்று சொல்லி, வி.ஆர்.ஆர்.பி. பயன்படுத்தும் அதே 112 என்ற ப்ரோட்டோகால் எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். விளைவு, ஒரே நெட்வொர்க்கில் ரெண்டும் ஒரே குழு எண்ணில் ஓடினா கற்பனை மேக் முகவரியும் ஒண்ணாயிடும், மோதிக்கும். காப்புரிமைச் சண்டை எங்கேயோ நடக்குது. அதுக்கு ராத்திரி கண் முழிக்கிறது யாரோ ஒரு அட்மின்.

அதே 2004-ல் இன்னொரு சுவாரசியம். கார்ப், ஹலோவில் ரகசியக் குறியீட்டுச் சோதனையைச் சேர்த்தது. வேற யாரோ அண்ணன் மாதிரிக் குரல் கொடுத்து ஏமாத்தக் கூடாது இல்லையா? ஆனால் அதே ஆண்டு வந்த வி.ஆர்.ஆர்.பி.யின் புதிய வடிவம், ஆர்.எஃப்.சி. 3768, ஏற்கெனவே இருந்த சோதனையை எடுத்தே விட்டது. அது உண்மையான பாதுகாப்பு தரலை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் நம்ம கதைக்கு முக்கியம்: சோதனையில் ஒத்துப்போகாத ஹலோவைத் தூக்கிப்போட்டா, "யாரும் இல்லை" என்று நினைத்து ரெண்டு பேரும் தலைவராகிடுவாங்க. பூட்டைப் பலமாக்கினா, காது மந்தமாகுது.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். விழுந்தவர் இடத்தை அடுத்தவர் எடுப்பது பாதிக் கதை. விழுந்தவர் எழுந்து வந்தா என்ன செய்வது? வி.ஆர்.ஆர்.பி.யில் மூத்தவர் திரும்பி வந்தவுடன் நாற்காலியைப் பறிச்சுக்குவார். வழக்கமாக அப்படித்தான். ஹெச்.எஸ்.ஆர்.பி.யில் நாமாகச் சொன்னா மட்டும்தான் பறிப்பார். ஹெச்.எஸ்.ஆர்.பி. ஏன் இவ்வளவு தயங்குது? திரும்பி வருவது எவ்வளவு ஆபத்து என்று தெரிய, 1990-க்குப் போகணும். இது கேட்வே இல்லை, டெலிபோன் ஸ்விட்ச். ஆனால் நோய் ஒண்ணுதான்.

1990 ஜனவரி 15, மதியம். அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி.யின் தொலைதூர அழைப்புகளைக் கையாண்டது 114 பெரிய ஸ்விட்சுகள். நியூயார்க்கில் ஒரு ஸ்விட்சில் சின்னக் கோளாறு. அது செய்யவேண்டியதைச் சரியாகச் செய்தது. அக்கம்பக்கத்து ஸ்விட்சுகளிடம் "கொஞ்ச நேரம் எனக்கு கால் அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, சில வினாடிகளில் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டு எழுந்தது. எழுந்ததும் கால்களை அனுப்ப ஆரம்பித்தது. அதைப் பார்த்து பக்கத்து ஸ்விட்ச், "சரி, இவன் வந்துட்டான்" என்று தன் குறிப்பேட்டில் எழுதப் போனது.

அந்தக் குறிப்பு எழுதும் வேளையில், வினாடியில் நூறில் ஒரு பங்குக்குள் இரண்டாவது செய்தி வந்தால், புது மென்பொருளில் இருந்த ஒரு பிழை விழித்துக்கொள்ளும். சி மொழியில் ஒரு பிரேக் கட்டளை தப்பான இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். 1989 டிசம்பரில் செய்த அப்டேட்டில் நுழைந்தது. பிழை விழித்ததும் அந்தப் பக்கத்து ஸ்விட்ச் குழம்பிப்போய்த் தன்னை ரீசெட் செய்துகொள்ளும். அதுவும் எழுந்து வந்து கால் அனுப்பும். அதன் பக்கத்தில் இருப்பவை விழும். எல்லா ஸ்விட்சிலும் அதே மென்பொருள். சுமார் 9 மணி நேரம் நாடு முழுக்க ஒருத்தரை ஒருத்தர் எழுப்பி எழுப்பித் தள்ளிவிட்டபடி இருந்தார்கள். ஏறத்தாழ பாதி அழைப்புகள் போய்ச் சேரவில்லை. செய்திகளின் சுமையைக் குறைத்த பிறகுதான் அடங்கியது.

யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு நாட்டை முடக்கியது முதல் ஸ்விட்சின் கோளாறு இல்லை. அது குணமாகித் திரும்பி வந்த விதம்.

கேட்வேயிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. மூத்த ஸ்விட்ச் ரீபூட் ஆகி எழுந்து, "நான்தான் அண்ணன்" என்று உடனே நாற்காலியை வாங்கிடும். ஆனா வெளி உலகத்துக்குப் போகிற பாதைகளை அது இன்னும் கத்துக்கலை. நாற்காலியில் ஆள் இருக்கார், ஆனா வர்ற பாக்கெட் எல்லாம் கிணத்துல விழுது. அதனாலதான் அனுபவசாலிகள் "எழுந்ததும் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் பொறு, அப்புறம் எடு" என்று தாமதம் வைப்பார்கள்.

இப்போ இந்தக் கதையின் நடுப்புள்ளிக்கு வரலாம். ஹெச்.எஸ்.ஆர்.பி., வி.ஆர்.ஆர்.பி., கார்ப் எல்லாமே ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன: குரல் வரலைன்னா ஆள் இல்லை. ஆனா தம்பிக்குக் குரல் கேட்காததற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். அண்ணன் மயங்கி விழுந்திருக்கலாம். வேற வேலையில் மூழ்கி, குரல் கொடுக்க மறந்திருக்கலாம். நடுவில் இருக்கும் கதவை யாரோ சாத்தியிருக்கலாம். தம்பி நிற்கும் இடத்தில் இருந்து மூணும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இது சோம்பேறித்தனமான வடிவமைப்பால் வந்தது இல்லை. 1985-ல் மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் கணித ரீதியாகவே நிரூபித்தார்கள்: செய்தி எவ்வளவு தாமதமாகும் என்று உறுதியில்லாத அமைப்பில், ஒரே ஒருவர் செயலிழக்கக்கூடும் என்றாலும், மற்றவர்கள் எப்போதும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று எந்த நிரல்முறையாலும் உத்தரவாதம் தர முடியாது. மெதுவாக இருப்பவரையும் செத்தவரையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் வேர். அதனால்தான் டைமர் வைக்கிறோம். டைமர் என்பது ஒரு ஊகம்.

அந்த ஊகத்தை வேகப்படுத்தும் ஆசை மட்டும் யாரையும் விடலை. 2010-ல் வந்த வி.ஆர்.ஆர்.பி. மூன்றாம் பதிப்பு, ஹலோ இடைவெளியை வினாடியில் நூறில் ஒரு பங்கு அளவில் வைக்க அனுமதித்தது. பெட்டிகளும் பாதைகளும் சுத்தமா இருந்தா அருமை. இல்லைன்னா? அதுதான் என் நைட் ஷிஃப்ட்.

அன்னைக்கு நான் செய்த முட்டாள்தனம் இது. கைமாறும்போது 10 வினாடி போவதால்தான் கால் கட் ஆகுது, சீக்கிரம் மாறினா யாருக்கும் தெரியாது என்று நினைத்து, யாரையும் கேட்காமல் டைமரைக் குறைத்தேன். ஹலோ 1 வினாடி, காத்திருப்பு 3 வினாடி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட் ஆனது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட் ஆனது. அந்த அக்கா மறுபடி வந்தாங்க. இந்தத் தடவை எதுவும் பேசலை, நின்னு பார்த்துட்டுப் போயிட்டாங்க.

ஒரு மணிக்கு சீனியர் அண்ணா வந்தார். முதல் வேலையா ரெண்டு ஸ்விட்ச் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். நான் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். தம்பி ஸ்விட்ச் லாக் முழுக்க "ஆக்டிவ் ஆயிட்டேன்". அண்ணன் ஸ்விட்ச் லாகில் ஒண்ணுமே இல்லை. அது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதாவது ஒவ்வொரு தடவையும் சில வினாடிகள் ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்காங்க. அந்த நேரத்தில் தம்பி பக்கம் போன கால், ரெண்டாவது ஃபயர்வாலைப் போய்த் தட்டும். அதுக்கு இந்தக் காலைப் பத்தி ஒரு விவரமும் தெரியாது, தூக்கிப்போட்டுடும். அதுதான் கட். கைமாறும் வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

"அண்ணன் பேசுறான், தம்பிக்குக் கேக்கல. தம்பி பேசுறது அண்ணனுக்குக் கேக்குது. ஒரு பக்கம் மட்டும் அடைச்சிருக்குடா"ன்னார். ரெண்டு ஸ்விட்சையும் இணைக்கும் ஃபைபர் போர்ட்டில் எரர் கணக்கைப் பார்த்தோம். அண்ணன் பக்கம் உள்ளே வருவதில் சுழியம். தம்பி பக்கம் உள்ளே வருவதில் எண்ணிக்கை ஏறிட்டே இருக்கு. ஃபைபரில் போக ஒரு இழை, வர ஒரு இழை. சர்வர் ரூமுக்குப் போய் ரேக் கதவைத் திறந்தார். எரர் நின்றுபோச்சு. மூடினார், ஏறுச்சு. அன்னைக்கு மதியம் புதுசா கேபிள் போட்ட எங்க டீம் ஆள், பேட்ச் கார்டை ஒழுங்கா சுருட்டாமல் கதவைச் சாத்தியிருக்கார். ஒரு இழை மட்டும் கதவிடுக்கில் மடங்கி, வெளிச்சம் பாதிதான் போயிருக்கு. லிங்க் விளக்கு மட்டும் பச்சையாகவே எரிஞ்சுட்டு இருந்தது.

என் டைமர் ஏன் மோசமாக்கியது என்றும் அப்போதான் புரிஞ்சது. தொடர்ந்து மூணு ஹலோ தவறினா நாற்காலி கைமாறும். முன்னாடி நிமிடத்துக்கு 20 ஹலோ. நான் 60 ஆக்கினேன். தொடர்ந்து மூணு தவறும் வாய்ப்பையும் மூணு மடங்கு ஆக்கிட்டேன். டைமரைக் கூட்டியிருந்தாலும் தப்புதான், நோய் மறைஞ்சிருக்கும், கதவு இன்னைக்கும் அந்த இழையை நசுக்கிட்டு இருக்கும்.

கார்டை மாற்றினோம், டைமரைப் பழையபடி வைத்தோம். அப்புறம் அண்ணா என்னை மெயில் எழுதச் சொன்னார். "எத்தனை மணிக்கு எத்தனை தடவை மாறுச்சுன்னு லாகுல இருந்து எடுத்துப் போடு. அந்தக் கால் எதுவும் ஏஜென்ட் தப்பு இல்லைன்னு எழுது. டைமரை மாத்துனது நீதான்னும் எழுது." கடைசி வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. அனுப்பினேன். திட்டு விழுந்தது. ஆனா அந்த ராத்திரி கட் ஆன கால்களை எல்லார் கணக்கில் இருந்தும் நீக்கினாங்க.

2024-ல் வி.ஆர்.ஆர்.பி.யின் புதிய ஆவணம், ஆர்.எஃப்.சி. 9568 வந்தது. பழைய "மாஸ்டர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஆக்டிவ்" என்று வைத்தார்கள். பெயர் மாறிடுச்சு. ஆனா தம்பி இன்னைக்கும் குரலுக்காகத்தான் காத்துட்டு இருக்கான். உங்க ஆபீஸ்ல நாற்காலி அடிக்கடி கைமாறினா டைமரைத் தொடாதீங்க. ரெண்டு பக்க லாகையும் திறங்க, உண்மையான முகவரிகளுக்கு நடுவே பிங் போட்டுப் பாருங்க, எரர் எண்ணிக்கை எந்தப் பக்கம் ஏறுதுன்னு பாருங்க. ரேக் கதவையும் ஒரு தடவை திறந்து பாருங்க.

அடுத்த நாள் ராத்திரி அந்த அக்கா எங்க டெஸ்க் வழியா போனாங்க. "தம்பி, இன்னைக்குக் கட் ஆகாதுல்ல?"ன்னு கேட்டாங்க. ஆகலை.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.